இரண்டு நூல்கள்

தமிழ் முதுகலை படித்த எவரும் கால்டுவெல்லைத் தொடாமல் வந்திருக்க முடியாது. 1856இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணம் எங்கள் துறையின் அடித்தளங்களில் ஒன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதை வகுப்பில் கற்பித்து வருகிறேன். மெரினாவில் 1968இல் நிறுவப்பட்ட சிலையும் இடையன்குடியில் அவர் கட்டிய தேவாலயமும் மாணவர்களுக்குத் தெரியும். அதே இடையன்குடியில் அவர் மனைவி எலைசா பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்து என்ன கற்றுக்கொடுத்தார் என்பது எந்தத் தேர்விலும் கேட்கப்படுவதில்லை. எழுத்தும் வேதமும் கற்றுக்கொடுத்தார். லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்.

'நூல்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. நன்னூலின் பாயிரம் அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று உவமையாக்குகிறது. சொல் பஞ்சு, பா இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு அவளது கதிர். அழகான உவமைதான். அதில் பெண்ணுக்குக் கிடைத்த இடத்தையும் கவனிக்க வேண்டும். நூற்றவள் உவமையாக நின்றுவிட்டாள், இயற்றியவன் பொருளானான். கால்டுவெல்லின் நூலையும் எலைசா கற்பித்த நூல்வேலையையும் நாம் நினைவில் வைத்திருக்கும் முறையும் ஏறத்தாழ இதேதான். ஒன்று அறிவு வரலாறு. மற்றது 'மிஷனரி மனைவியின் நற்பணி' என்று ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி.

அந்த ஒரு வரியை விரித்துப் படிப்பதே இக்கட்டுரையின் வேலை. வெளிநாட்டிலிருந்து பணிக்கு வந்த பெண்கள் இங்குள்ள பள்ளிச் சிறுமிகளுக்குக் கைவேலை கற்பித்ததைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மிஷன் அறிக்கைகள், நினைவுக் குறிப்புகள், பிற்காலத் திருச்சபை வரலாறுகள் என்று அந்த எழுத்து நீள்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே சொல்வரிசையில் பேசுகின்றன: பொறுமை, ஒழுங்கு, சுத்தம், அடக்கம். கைவேலை பெண்ணின் குணத்தை வளர்த்தது என்பதே அவற்றின் மையச் செய்தி. குணம் பேசப்படும் இடத்தில் கூலிக் கணக்கு மறைந்துவிடுகிறது என்பது என் வாதம். அந்தக் கணக்கைத் தேடிப் படித்தால், இந்தச் சிறுமிகள் நல்ல பிள்ளைகளாக மட்டுமின்றித் தொழிலாளிகளாகவும் தெரிவார்கள்.

கதை எலைசாவின் தாயிடம் தொடங்குகிறது. மார்த்தா மால்ட் தன் கணவர் சார்லஸ் மால்ட்டோடு 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார். லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பியது கணவரை. மனைவி உடன் வந்தவர். ஆனால் வந்த சில ஆண்டுகளுக்குள் பெண்பிள்ளைகளின் உண்டு உறைவிடப் பள்ளியும் லேஸ் வேலையும் மார்த்தாவின் பொறுப்பில் நடந்தன. மகள் எலைசாவுக்குத் தமிழ் சிறு வயதிலிருந்தே பழகிய மொழி. 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது தாயிடம் கற்ற தொழிலையும் கொண்டுபோனார். தாயிடமிருந்து மகளுக்கு, நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலித் தேரிக்காட்டுக்கு என்று ஒரு தொழில் நடந்துபோன பாதை இது.

அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. இது ஊசியால் துணியில் போடும் பூவேலை அன்று. உருண்டையான கெட்டித் தலையணை ஒன்றின்மேல், ஊசித் துளையிட்ட மாதிரித் தாளைப் பொருத்துவார்கள். துளைகளில் குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை இணை இணையாக மாற்றி, முறுக்கி, ஊசிகளைச் சுற்றிப் பின்னல் வளரும். அகலம் கூடக் கூடக் கட்டைகளின் எண்ணிக்கையும் கூடும். நூலோ மெல்லியது. வெளிச்சம் நன்றாக வேண்டும். கழுத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். பல மணி நேர உழைப்பில் சில அங்குலம்தான் வளரும்.

சுத்தம் என்ற நற்குணத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளை நூல் வேர்வைக் கையில் அழுக்காகும். அழுக்கான லேஸ் விலைபோகாது. ஆகவே கை கழுவுவதும் உடையைத் துவைப்பதும் சரக்கின் தேவைகள். மிஷன் எழுத்து அவற்றை ஆன்மாவின் தேவைகளாக எழுதியது. பொறுமையும் அப்படித்தான். ஒரு கட்டை மாறினால் அவிழ்த்துப் பின்ன வேண்டும் என்ற வேலையின் நிர்ப்பந்தம், பெண்ணின் இயல்பாகப் பெயர் மாறியது. தொழிற்சாலையில் கண்காணிப்பாளர் கேட்பதைப் பள்ளியில் ஒழுக்கம் கேட்டது.

இங்கிலாந்தில் இந்த வேலை யாருடையது என்பதையும் மிஷன் எழுத்து சொல்வதில்லை. டெவன், பெட்ஃபோர்டுஷயர், பக்கிங்காம்ஷயர் பகுதிகளில் கையால் லேஸ் பின்னியவர்கள் சீமாட்டிகள் அல்லர், கிராமத்து ஏழைப் பெண்கள். ஐந்தாறு வயதுச் சிறுமிகளை 'லேஸ் பள்ளி'யில் சேர்ப்பார்கள். பெயர்தான் பள்ளி; படிப்பு கொஞ்சம், பின்னல் நாள் முழுதும். 1809 வாக்கில் ஜான் ஹீத்கோட் லேஸ் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816இல் லஃப்பரோவிலிருந்த அவருடைய ஆலையை லுட்டைட்டுகள் உடைத்தார்கள். அவர் டெவனிலுள்ள டிவர்ட்டனுக்கே ஆலையைக் கொண்டுபோனார். கைப்பின்னல் பெண்களின் கூலி சரியத் தொடங்கியது. மார்த்தா நாகர்கோவிலில் இறங்கியது இதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து.

ஒரு நாட்டில் இயந்திரத்தோடு போட்டியிட முடியாமல் தேயத் தொடங்கிய கைத்தொழில், கூலி அதைவிட மலிவாக இருந்த இன்னொரு நாட்டில் 'கல்வி'யாக வேர்பிடித்தது. மார்த்தா இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. தனக்குப் பக்கத்தில் இருந்த திறமையை அவர் கற்பித்தார். ஆனால் சந்தைக்கு நம் எண்ணம் தெரிய வேண்டியதில்லை. ஐரோப்பியப் பெண்களிடம் இங்கும் அங்கும் லேஸ் விற்றது. அந்தப் பணத்தில் பள்ளி நடந்தது. அதாவது, சிறுமிகள் தங்கள் படிப்புக்கான செலவில் ஒரு பகுதியைத் தங்கள் விரல்களாலேயே கட்டினார்கள். நன்கொடையாளர்களின் தருமத்தைப் புகழும் பக்கங்களில் இந்தச் சிறுமிகளையும் நன்கொடையாளர்களாகச் சேர்த்திருக்க வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, இது வெறும் சுரண்டல் என்று முடித்துவிடலாமா? முடியாது. நாகர்கோவில் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி முழுமையாக ஒழிந்தது. அதற்கு முன்பு இந்தப் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் அடிமைக் குடும்பத்துச் சிறுமிகளும் உண்டு. அவர்களில் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. இந்தச் செய்தியை அவை மிஷனின் வெற்றியாகச் சொல்கின்றன. நான் அதை வேறு மாதிரி வாசிக்கிறேன். அடக்கத்தையும் கீழ்ப்படிதலையும் கற்பிக்க வைத்த வேலையில் காசு கிடைத்தது. அந்தக் காசை ஒரு சிறுமி தன் உடைமையாளனிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு நடந்தாள். இதில் அடக்கம் எங்கே இருக்கிறது? பாடத்திட்டம் நினைக்காத பயன் இது. அவளுடைய உழைப்பு 'பயிற்சி'யாக மட்டும் கருதப்பட்டுக் கூலியே கொடுக்கப்படாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அவளை விடுவித்தது குணம் அன்று, கூலி.

அதே ஆண்டுகளில் அதே மண்ணில் தோள்சீலைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. நாடார் பெண்களும் அவர்களைவிடக் கீழே தள்ளப்பட்ட சாதிப் பெண்களும் மார்பையும் தோளையும் மறைக்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். மறைத்தவர்களின் துணி தெருவில் கிழிக்கப்பட்டது. 1859இல் வந்த அரசாணை நாடார் பெண்கள் மேலுடை அணிய அனுமதித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு லேஸைப் பார்க்க வேண்டும். லேஸ் என்பது உடையின் ஓரம். கழுத்துப் பட்டைக்கும் கைமுனைக்கும் வைக்கும் அலங்காரம். உடையே மறுக்கப்பட்ட சாதிகளின் பெண்பிள்ளைகள், உடை நிறைந்த பெண்களின் உடைக்கு ஓரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். மிஷனரிப் பெண்கள் அறிமுகப்படுத்திய குப்பாயம் பற்றித் தோள்சீலை வரலாறுகள் பேசுகின்றன. லேஸ் பற்றித் தொழில் வரலாறுகள் பேசுகின்றன. இரண்டும் ஒரே வளாகத்தில், ஒரே பெண்களின் கையில் நடந்தவை. அவற்றைப் பிரித்து எழுதியதால் சாதி ஒரு புத்தகத்துக்கும் கைவேலை இன்னொரு புத்தகத்துக்கும் போய்விட்டது.

பெண்ணிய ஆய்வுகள் இந்தத் துறையில் நமக்குத் தந்திருக்கும் கருவிகள் முக்கியமானவை. 1984இல் வெளிவந்த ரோஸிகா பார்க்கரின் 'தி சப்வர்சிவ் ஸ்டிட்ச்', பூத்தையல் பெண்மையைப் புகுத்தும் கருவியாகவும் அதை எதிர்க்கும் வழியாகவும் இருந்ததை விரிவாகக் காட்டியது. பார்க்கரின் புத்தகம் இல்லாமல் இந்தக் கட்டுரையை நான் யோசித்திருக்கவே முடியாது. ஆனால் அதை அப்படியே நாகர்கோவிலுக்குக் கொண்டுவர முடியவில்லை. ஐரோப்பியச் சிறுமி தன் தையல் மாதிரித் துணியில் அகரவரிசையைத் தைத்து, கடைசியில் தன் பெயரையும் வயதையும் தைத்து முடிப்பாள். அது அவளுடைய கையெழுத்து. லேஸில் பெயர் போட இடமில்லை. விற்பனைச் சரக்கில் பின்னியவள் பெயரை யாரும் கேட்பதும் இல்லை. கையெழுத்தே இல்லாத கைவேலையில் எதிர்ப்பை எங்கே தேடுவது? பின்னலின் வடிவத்தில் தேடினால் கிடைக்காது. கூலியை அவள் என்ன செய்தாள் என்பதில்தான் தேட வேண்டும்.

பெயர் விஷயத்தில் யாழ்ப்பாணம் இன்னும் கூர்மையான சாட்சி. ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். படிப்போடு தையலும் அங்கே பாடம். 1833இல் அவர் இறந்தார். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவைத் தமிழ் மாணவர்கள் 1862இல் வந்த தமிழ் - ஆங்கில அகராதியால் அறிவார்கள். இங்கேயும் கணவருக்கு ஒரு நூல், மனைவிக்கு ஒரு நூல். அமெரிக்க மிஷன் பள்ளிகளில் பிள்ளையின் செலவை ஏற்கும் நன்கொடையாளர், பிள்ளைக்குத் தன் விருப்பப்படி பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. ஆகவே ஆவணங்களில் வரும் பல ஆங்கிலப் பெயர்கள், கடலுக்கு அப்பால் முகம் பார்க்காத ஒருவர் வைத்தவை. தமிழ்ச் சொற்களையெல்லாம் சேர்த்து அகராதியாக்கிய மிஷனின் பதிவேட்டில், தமிழ்ச் சிறுமியின் தமிழ்ப் பெயர் பல நேரம் தங்கவில்லை.

மரியா மீஸின் 'தி லேஸ் மேக்கர்ஸ் ஆஃப் நர்சாப்பூர்' 1982இல் வந்தது. ஆந்திரத்தின் கோதாவரிப் பகுதியில் மிஷனரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிமுகப்படுத்திய குரோஷே லேஸ், உலகச் சந்தைக்கான வீட்டுத் தொழிலாக மாறியதை அது ஆராய்கிறது. மீஸும் வெளிநாட்டில் கற்பித்தவர்தான். 1960களில் புனேயில் ஜெர்மன் கற்பித்தார். அவருடைய கண்டுபிடிப்பு எளிமையானது, கசப்பானது. ஏற்றுமதிக்காக நாளெல்லாம் பின்னும் பெண்களை வியாபாரிகளும் அரசும் குடும்பமும் 'ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகள்' என்றே கருதினார்கள். அந்தப் பெண்களும் அப்படியே நம்பினார்கள். தொழிலாளி இல்லை என்றால் கூலிச் சட்டம் இல்லை, சங்கம் இல்லை. இதைத்தான் அவர் இல்லத்தரசியாக்கம் என்றார்.

அந்தப் புத்தகத்தில் என்னைத் தொந்தரவு செய்யும் பகுதி சாதி பற்றியது. நர்சாப்பூரில் இந்த வேலையை முதலில் கற்றவர்கள் மதம் மாறிய ஏழைத் தலித் பெண்கள். பிறகு அது வெளியே போய் வேலை செய்வதைக் கௌரவக் குறைவாக நினைத்த காப்பு சாதிப் பெண்களிடம் பரவியது. வயலில் வேலை செய்த தலித் பெண்களைவிட இவர்களின் வருமானம் குறைவு. இருந்தும் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வதால் தாங்கள் உயர்ந்தவர்கள் என்று எண்ணினார்கள். மிஷன் பள்ளி கற்பித்த 'அடக்கமான வேலை', சாதி கற்பித்த 'வெளியே போகாத பெண்' என்ற இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. வியாபாரிக்கு இரண்டும் லாபம். நாகர்கோவிலில் ஒரு சிறுமிக்கு அடிமைத்தளையிலிருந்து வெளியேறும் வழியான கைவேலை, நர்சாப்பூரில் ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்திருக்கும் காரணமாயிற்று. ஆகவே கைவேலை விடுதலையா, சிறையா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யார் சாதி எது, கூலி யார் கைக்குப் போனது, கணக்கை யார் வைத்திருந்தார் என்று கேட்க வேண்டும்.

கற்பித்தவர்களைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். மார்த்தாவும் எலைசாவும் பல பத்தாண்டுகள் பள்ளி நடத்தினார்கள். ஆனால் மிஷனின் கணக்கில் ஊழியர் கணவர். லண்டன் மிஷனரி சங்கம் மணமாகாத பெண்களை ஊழியர்களாகத் தொடர்ந்து அனுப்பத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். தென் திருவிதாங்கூரை ஆராய்ந்த ஜேன் ஹாகிஸ், சம்பளம் இல்லாமல் உழைத்த மனைவிகளுக்கும் பின்னால் வந்த தொழில்முறைப் பெண் மிஷனரிகளுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆக, கற்பித்தவளின் வேலை 'கணவருக்கு உதவி'. கற்றவளின் வேலை 'பயிற்சி'. இரண்டு உழைப்பும் வேறு பெயரில் எழுதப்பட்டன. இந்த ஒற்றுமையைச் சொல்லி இருவரையும் சகோதரிகளாக்கிவிட நான் தயாராக இல்லை. மார்த்தாவின் பெயர் நமக்குத் தெரியும். எலைசாவின் பெயர் தெரியும். அவர்களிடம் கற்று, பின்னி, பள்ளிக்குச் சோறு போட்ட சிறுமியின் பெயர் தெரியாது. நிறமும் சாதியும் இந்த இடைவெளியில் இருக்கின்றன.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. நம் அரசுப் பள்ளிகளில் தையல் ஆசிரியை என்ற பணியிடம் நெடுங்காலம் இருந்தது. அந்த வகுப்பு பெண்பிள்ளைகளுக்கு. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இன்றும் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் உண்டு. கைம்பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் அதைப் பெறுகிறார்கள். அந்த இயந்திரத்தின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் வகுப்பில் முன்வரிசையில் இருந்த ஒரு மாணவியின் கல்விக் கட்டணம் மூன்று வருடமும் அப்படி ஓர் இயந்திரத்திலிருந்துதான் வந்தது. அவள் அம்மா பீஸ் ரேட்டுக்கு நைட்டி தைப்பவர். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். அவள் 'இல்லத்தரசி' என்று எழுதினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மா வீட்ல சும்மா இருக்கற நேரத்துலதான் மேடம் தைப்பாங்க" என்றாள். அந்தச் 'சும்மா இருக்கற நேரம்' ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. நூலும் மின்சாரமும் அந்த அம்மாவின் செலவு. விலையை வைப்பவர் ஏஜென்ட்.

வீட்டிலிருந்து உழைப்பவர்களைத் தொழிலாளர்களாக ஏற்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. 1972இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட சேவா அமைப்பின் பெண்கள் அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர்கள். இந்தியா இன்றுவரை அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை. பயிற்சி கொடுக்கவும் இயந்திரம் கொடுக்கவும் முன்வருகிறோம். கூலியை நிர்ணயிக்க மட்டும் தயங்குகிறோம். மிஷன் பள்ளி தொடங்கிவைத்த பழக்கம் இது: பெண்ணின் கைக்கு வேலை கொடுக்கலாம், அதற்குத் தொழில் என்று பெயர் கொடுக்கக் கூடாது.

மொழியும் இதில் கூட்டாளி. தமிழில் 'தையல்' என்றால் தைக்கும் வேலை. தையல் என்றால் பெண்ணும்கூட. பெண்ணின் பேச்சைக் கேட்காதே என்று ஆத்திசூடி சொல்லும்போது பெண்ணுக்கு இந்தச் சொல்லையே வைக்கிறது. பெண்ணை உயர்த்தச் சொல்லிப் புதிய ஆத்திசூடியில் பாரதி பதில் எழுதியபோதும் இதே சொல்தான். பெண்ணும் வேலையும் ஒரே ஒலியில் இருப்பதாலோ என்னவோ, தைப்பது அவள் இயல்பு என்று நம் காதுக்குத் தோன்றிவிடுகிறது. இயல்புக்கு யாரும் கூலி கேட்பதில்லை. தைப்பவர் ஆணாக இருந்தால் உடனே அவர் 'டெய்லர்' ஆகிவிடுகிறார். கடை வருகிறது, போர்டு வருகிறது, விலைப்பட்டியல் வருகிறது.

தமிழ்த்துறைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கால்டுவெல்லைப் பாடமாக வைக்கும் தாளிலேயே இடையன்குடிப் பள்ளியையும் அதன் லேஸையும் வைக்க வேண்டும். மனைவிக்கு நன்றி சொல்லும் அடிக்குறிப்பாக வைத்தால் போதாது. தமிழ் ஆராய்ச்சி நடந்த அந்த வளாகம் எந்த உழைப்பால் நடந்தது என்ற கேள்வியாக வைக்க வேண்டும். மிஷன் அறிக்கைகளைப் படிக்கும் ஆய்வு மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது, அவற்றில் சிறுமிகளின் குணத்தைப் புகழும் பத்தி வந்ததும் பக்கத்தைப் புரட்டி வரவு செலவுப் பக்கத்துக்குப் போங்கள் என்பதுதான். லேஸ் விற்ற தொகை எவ்வளவு, பின்னியவர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு, மிச்சம் எதற்குப் போனது என்று எழுதி எடுங்கள். அந்தச் சிறுமியின் பெயர் அங்கே கிடைக்காமல் போகலாம். அவள் வேலை செய்தாள் என்பதற்கான ஆதாரம் கிடைக்கும். நம் படிவங்களில் 'இல்லத்தரசி' என்று எழுதும் மகள்களோடு பேச அது உதவும்.